ஏழாவது மாடியில் முடிகிற கதை

மனிதர் முப்பது வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஏறும், இறங்கும், நிற்கும். உலகத்தில் நடக்கக்கூடிய காரியங்கள் இந்த மூன்றுதான் என்பது அவர் கட்சி. அப்பேர்ப்பட்டவரை உட்கார வைத்து, அப்பா ஒரு குடையாக இருக்கிற கதையைப் பார்க்கச் சொன்னால் என்ன ஆவார், பாவம்.

சொன்னது மகள். எட்டு மாதத்துக்கு முன் நல்ல வேலையை உதறிவிட்டு அனிமே படங்களுக்கு வரைகிற கம்பெனியில் அவள் சேர்ந்தபோது, "பொம்மை வரையறதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்று கேட்டுவிட்டார். கேட்டதோடு விட்டிருக்கலாம். சின்ன வயதிலிருந்து அவள் வரைந்து வைத்திருந்த நோட்டுகளைப் பழைய பேப்பரோடு சேர்த்துக் கட்டி எடைக்குப் போட்டார். அன்றோடு அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு அறுந்தது. இப்போது கம்பெனி அவளை இரண்டு வருஷத்துக்கு வெளிநாடு அனுப்புகிறது. அம்மாவிடம் மட்டும் ஃபோனில் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு வரேம்மா. சாயங்காலம் ஃபிளைட். நான் ஏன் இந்த வேலைக்குப் போனேன்னு அப்பாவுக்குத் தெரியணும்னா, நான் அனுப்பற அனிமே தொடரைப் பாக்கச் சொல்லு. பன்னெண்டு எபிசோடுதான். பாத்துட்டு என்ன புரிஞ்சுதுன்னு சொல்லட்டும். சொல்ல ஒண்ணும் இல்லன்னா, என் துணிமணிய எடுத்துட்டுக் கிளம்பிடுவேன்."

மகள் என்றால் இவருக்கு உயிர். அதை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை.

அவர்கள் குடியிருப்பது பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில், ஏழாவது மாடியில். அந்தக் கட்டடத்து லிஃப்டும் அவர் பொறுப்புதான். மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் ரூமில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், கிரீஸ் டப்பாமேல் ஃபோனைச் சாய்த்து வைத்துத் தொடரைப் பார்க்க ஆரம்பித்தார். கடலுக்கடியில் ஒரு ரயில் நிலையம். அதில் டிக்கெட் கிழிக்கும் ஒரு பெண். அவளுடைய அப்பா ஒரு குடை. எப்போது குடையானார், ஏன் ஆனார் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இரண்டாவது எபிசோடில் நிலா ராஜினாமாக் கடிதம் கொடுத்தது. நான்காவதில் அந்தப் பெண் தன் அம்மாவுக்கே கணக்கு வாத்தியாராக வந்தாள். ஒன்பதாவது முழுக்க முழுக்க ஒரு மூடிய கதவு. இருபத்திரண்டு நிமிஷம் அந்தக் கதவு திறக்கவே இல்லை. சென்சார் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஏழாவது எபிசோடில்தான் கோளாறு. காலியான பிளாட்பாரத்தில் அந்தக் குடை தானாக விரிந்து, மகளிடம் மன்னிப்புக் கேட்டது. அவ்வளவுதான். மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். எதற்கு அழுகிறோம் என்று தெரியாமல் அழுவது பெரிய அவஸ்தை. பக்கத்தில் லிஃப்டின் வடக்கயிறு ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் "அழுதேன்" என்று மகளிடம் சொல்ல முடியுமா? புரிந்ததைச் சொல்ல வேண்டுமாம். கதை முன்னும் பின்னுமாகக் கலைந்து கிடக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. எதை முதலில் வைப்பது? அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். தேய்மானத்தைப் பார்த்தார். குடையின் கைப்பிடி எந்த எபிசோடில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்து, புதுசை முதலிலும் தேய்ந்ததைக் கடைசியிலும் வைத்தார். பன்னிரண்டு கட்டம் போட்டு, கோடு இழுத்து, வயரிங் படமாகவே வரைந்தார். வேறு மாதிரி வரைய அவருக்குத் தெரியாது. ஐந்தில் ஆரம்பித்தது. அடுத்தது ஒன்பது, பக்கத்தில் "கதவு திறக்காது, 22" என்று குறித்தார். ஏழு கடைசியில் போய் நின்றது. அங்கே "குடை" என்று எழுதினார். பத்திரமாக இருக்கட்டும் என்று லிஃப்டின் கண்ட்ரோல் பேனல் கதவில் இருக்கும் பையில் செருகினார். படம் என்று எதை வரைந்தாலும் அங்கே செருகுவதுதான் வழக்கம்.

சனிக்கிழமை ராத்திரி லிஃப்ட் போர்டு புகைந்துபோனது. ஞாயிறு காலை கிளம்பப் பார்த்தவரை மனைவி மறித்தாள்.

"இன்னிக்கு நீங்க எங்கயும் நகரக் கூடாது. மக வர்றா. வேற ஆள அனுப்புங்க."

அனுப்பினார். சட்டைப்பையில் எந்நேரமும் டெஸ்டரோடு திரிவதால் டெஸ்டர் என்றே பெயராகிவிட்ட கூட்டாளி வந்து, ஒன்பதரைக்கெல்லாம் வேலையை முடித்துவிட்டுப் போனான்.

பத்து மணிக்கு லிஃப்ட் வாசலில் போய் நின்றார். கீழே கதவு மூடும் சத்தம் கேட்டது. எண் ஏறியது. ஏழில் நிற்க வேண்டியது ஐந்தில் நின்றது. பிறகு ஏழைத் தாண்டி ஒன்பதுக்குப் போய் நின்றது. மேலே கதவு திறக்கிற சத்தமே இல்லை. பிறகு சர்ரென்று இரண்டுக்கு இறங்கியது. டெஸ்டருக்கு ஃபோன் போட்டார்.

"என்னடா பண்ணி வெச்ச?"

"நீங்க போட்ட படத்தப் பாத்துதாண்ணே வயர் குடுத்தேன். ஒம்போதுல கதவுக்கு இருபத்திரண்டு செகண்டு டைமர் கூட வெச்சேன்."

"பாத்தா தெரியலயா உனக்கு?"

"இருபது வருஷமா நீங்க போட்ட கோட்ட நான் கேள்வி கேட்டிருக்கேனா? ஏழுல குடைன்னு எழுதியிருந்தீங்க. ஒழுகுதுபோலன்னு மேல ஒரு தகரமும் அடிச்சேன்."

லிஃப்ட் பதினொன்றுக்கு ஏறியது. மேலே ஓடிப்போய் மெயினை அணைக்கலாம். காலை எடுத்து வைத்தார். மூன்று. ஒன்று. எட்டு. சரியான வரிசை. அவர் தேய்மானம் பார்த்துப் பார்த்துப் போட்ட வரிசை. உள்ளே இருப்பவளுக்கு இது தெரியுமா? பன்னிரண்டு, நான்கு. தெரிந்தால் போதும். கோளாறான லிஃப்டை நிறுத்தாமல் அவர் நின்றது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பத்து. ஆறு.

ஏழில் கதவு திறந்தது. மகள் கன்னமெல்லாம் நனைந்து நின்றாள். பக்கத்தில், காய்கறிப் பையோடு, மூன்றாம் மாடி வக்கீல். கோர்ட்டில் எதிராளியை அழவைத்தே பேர் வாங்கிய மனுஷன், கைக்குட்டையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"மூணுல கதவு தொறந்துதே, எறங்கலையா சார்?" என்று கேட்டார் இவர்.

"எப்படிங்க எறங்கறது? ஒம்போதுல கதவு தொறக்காம நின்னதுலேந்து ஒவ்வொரு மாடிக்கும் பாப்பா கதை சொல்லிட்டு வருது. அப்பத்தான் அந்த நிலா வேலைய விட்டுட்டுப் போயிருக்கு."

மகள் அப்பாவைப் பார்த்தாள். எட்டு மாதம் கழித்து அவரிடம் பேசிய முதல் பேச்சு இது.

"தொடரைப் பாத்தவங்க எல்லாரும் பன்னெண்டுதான் முடிவுன்னு சண்டை போடறாங்க. ஏழுன்னு உங்களுக்கு எப்படிப்பா தெரிஞ்சுது?"

"பன்னெண்டுல குடையோட பிடி புதுசா இருக்கும்மா. ஏழுலதான் தேஞ்சு, டேப்பு சுத்தியிருக்கு. அதனால ஏழுதான் கடைசி."

"அந்த டேப்ப நான் பாக்கவே இல்ல," என்றாள்.

வக்கீலுக்குப் பொறுக்கவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். அந்தக் குடை மன்னிப்புக் கேட்டுச்சா, இல்லையா? அதைச் சொல்லுங்க மொதல்ல."

"கேட்டுது சார்," என்றார் அவர். மூடப் பார்த்த லிஃப்ட் கதவைத் தோளால் தடுத்துக்கொண்டு மகளிடம் சொன்னார்.

"நான்தாம்மா இன்னும் கேக்கல."