சாளரத்தில் ஒரு வரித்தலை வாத்து

மார்கழியின் இறுதி வாரம். விண்ணுக்கும் மண்ணுக்கும் நடுவே பனி ஒரு மெல்லிய திரையெனத் தொங்கி, விடிந்த பின்னும் விலக மனமின்றி நின்றது. அரியலூர்க் கரிசலில் பருத்தி வெடித்திருந்தது. சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் சாலையோர வேம்புகளின்மேல் தூவிய வெண்பொடி, ஈரத்தில் நனைந்து இலைதோறும் திருநீறாய்க் குழைந்தது. துயிலுணர்த்தும் பாடல்கள் கோயில்தோறும் ஒலித்து ஓய்ந்திருந்தன. இமயத்தைக் கடந்து வந்த வாத்துகள் கரைவெட்டி ஏரியில் இறங்கி, தாம் வந்த தொலைவைப் பற்றி ஏதும் சொல்லாமல் நீர்மேல் அமர்ந்திருந்தன. பொறுத்திருப்பவர்களின் மாதம் அது.

புவனேஸ்வரி எட்டு ஆண்டுகள் பொறுத்திருந்தாள்.

பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் அவள் வரலாறு கற்பித்தாள். அவளது உள்ளம் குடியிருந்ததோ டியூடர் மன்னர்களின் இங்கிலாந்தில். எட்டாம் ஹென்றியும் அவன் மணந்த அறுவரும் அவளுக்கு அடுத்த தெருக்காரர்கள். விடியலில் தேவாரம், பிறகு ஏரிக்கரையில் பறவைகள், மாலையில் தூரிகை, இரவு உணவு வரை அரசிகள். வீட்டில் மூன்று பூனைகள்: கேத்தரின், ஆன், ஜேன். பால் ஊற்ற வரும் இருசம்மாளுக்கு அவை காத்தாயி, அன்னம், சானகி. இவற்றுள் ஆனுக்கு இடக்காது கிழிந்திருக்கும்; நெற்றியில் முந்திரிக்கொட்டை வடிவில் ஒரு மறு. ஹென்றி தலை கொய்வித்த அரசி ஆனைப் போலன்றி, தலை போய்விடும் என்ற அச்சமே இல்லாத ஒரே ஆன் இவள்தான் என்று புவனேஸ்வரி சொல்வதுண்டு. இருசம்மாளுக்கு அது விளங்காவிட்டாலும் சிரிப்பாள்.

அந்த அறுவரைப் பற்றி அவள் பதினோர் ஆண்டுகள் உழைத்து, நான்கு நோட்டுகள் நிறைய எழுதினாள். அப்போது துறைத்தலைவராக இருந்த முத்துவேல், திருத்தித் தருவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். ஈராண்டு கழித்து நோட்டுகள் திரும்பி வந்தன. மறு ஆண்டு, அதே வாக்கியங்கள் முத்துவேலின் பெயரில் நூலாக வந்தன. அவள் நிர்வாகத்திடம் முறையிட்டாள். நூலைப் பார்த்து நோட்டில் எழுதியிருக்கலாமே என்று அவர்கள் கேட்டார்கள். வெளியே வந்தபோது முத்துவேல் படியில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"பருத்தி எடுக்கற வூட்டுல பொறந்துட்டு இங்கிலாந்து ராஜா கதை எதுக்கும்மா உனக்கு?" என்றார், அன்பானவர் போல.

அவளுடைய தாய் கூலிக்குப் பருத்தி எடுத்தவள்தான். அதில் அவளுக்கு நாணமில்லை. அந்தச் சொல்லை அவர் சிரித்துக்கொண்டே சொன்னதைத்தான் அவள் மறக்கவில்லை.

அதன்பின் ஒவ்வொரு பிரதோஷத்துக்கும் அவள் பேருந்தேறிக் கங்கைகொண்ட சோழபுரம் சென்றாள். அங்கே வடக்கு வாயிலருகே ஒரு சிற்பம். இறைவன் இறைவியோடு வீற்றிருந்து, காலடியில் கைகூப்பி அமர்ந்த சண்டேசரின் தலையில் தன் கையாலேயே மாலையைச் சுற்றுகிறான். பூசைக்கு வைத்த பாற்குடத்தை உதைத்த தந்தையின் காலை வெட்டியவர் சண்டேசர். அந்தச் சினத்துக்குத்தான் அந்த மாலை. மற்றவர்கள் அங்கே அருளைக் கண்டார்கள். அவள் வெட்டிய மழுவையே நினைத்துக்கொண்டு நின்றாள்.

இதற்கிடையில் தன் இணையப் பக்கத்தில் வாரம் ஒன்று எழுதிவந்தாள்: ஓர் அரசி, ஒரு பறவை, ஒரு பூனை. சில நூறு பேர் படித்தார்கள். அவர்களுள் முத்துவேலும் ஒருவர் என்பதை, நாளிதழில் வந்த அவரது கட்டுரைகள் காட்டிக்கொடுத்தன. ஓய்வுபெற்ற அவர் இரண்டாம் தொகுதிக்கு ஆயத்தமாகிறார் என்று கேள்விப்பட்ட நாளில், அவள் மந்திரி கிராம்வெல்லைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். ஓர் ஓவியத்தில் கண்ட முகத்தை நம்பி ஹென்றி மணத்துக்கு இசைந்தான். நேரில் கண்டதும் முகம் சுளித்தான். அந்த மணத்தைக் கூட்டிவைத்த கிராம்வெல்லின் தலை சில மாதங்களில் உருண்டது. அவள் நூலை மூடிவிட்டு நெடுநேரம் தூரிகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதம் உழைத்து ஓர் ஓவியம் தீட்டினாள். பதினாறாம் நூற்றாண்டின் முறை. கரும்பச்சைத் திரை, முத்துமாலை அணிந்த அரசி ஆன் பொலின். மடியில் ஒரு பூனை. இடக்காது கிழிந்தது, நெற்றியில் முந்திரி மறு. அரசியின் தோளுக்குப் பின்னே சாளரம். அதன் வழியே ஒரு நீர்நிலை. அதில் ஒற்றை வாத்து. வெண்தலையில் இரண்டு கரிய வரிகள். நடு ஆசியாவில் பிறந்து, இமயத்தின்மேல் பறந்து, கரைவெட்டியில் குளிர் கழிக்கும் வரித்தலை வாத்து. ஹென்றி காலத்து இங்கிலாந்து அதைக் கண்டதில்லை.

படத்தை இணையப் பக்கத்தில் இட்டு, 'ஆனின் அறை' என்று மட்டும் எழுதினாள். பொய் ஒரு சொல்லும் எழுதவில்லை. பொய்யை அவரே கொண்டுவரட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவர் கொண்டுவந்தார். இரண்டாம் தொகுதியின் அட்டையில் அதே ஓவியம். உள்ளே, 'லண்டன் தனியார் சேகரிப்பு, 1534' என்ற குறிப்பு. நாளிதழில் வந்த விளம்பரத்தில் அதைக் கண்டபோது புவனேஸ்வரி பூனை ஆனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கிழிந்த காதை மெல்ல வருடினாள்.

வெளியீடு கங்கைகொண்ட சோழபுரத்தில். முதற்படியை இறைவன் திருமுன் வைத்து எடுத்து, கோயிலை வலம்வந்து, பிறகு கோயிலுக்கு வெளியே பந்தலில் விழா. வலம்வருவோர் கடைசியில் சண்டேசர் சன்னதியில் நின்று இரண்டு உள்ளங்கைகளையும் மெல்லத் தேய்த்துக் காட்டுவது வழக்கம். சிவன் சொத்தில் ஒரு நூலும் எடுத்துச் செல்லவில்லை என்று, கோயிற்கணக்கின் காவலரான அவரிடம் காட்டும் சான்று அது.

அங்கேதான் அவள் நின்றாள். கையில் துணி சுற்றிய ஓவியம். அருகே கரைவெட்டி சரணாலயத்தின் காவலர் கொளஞ்சி. பெரிய கோயிலை நல்ல நாளில் பார்க்கலாம் வாங்க என்று மட்டுமே அவரை அழைத்திருந்தாள்.

முத்துவேல் வந்தார், பட்டு அங்கவஸ்திரம், பின்னால் இருபது முப்பது பேர், பக்கத்தில் பதிப்பகத்துச் சரத்குமார். சன்னதிமுன் நின்றவர், பழக்கத்தால் நூலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைகளைத் தேய்த்தார்.

"சார்," என்றாள் புவனேஸ்வரி. "கக்கத்துல இருக்கறதை வெச்சுட்டு கையைக் காட்டுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். யாரோ சிரித்தார்கள். சரத்குமார் உதவும் எண்ணத்தோடு நூலை வாங்கிப் பிடித்துக்கொள்ள, கொளஞ்சியின் கண் அட்டைமேல் விழுந்தது.

"அட, நம்ம ஏரி வாத்துங்க இது," என்றார் அவர் மகிழ்ச்சியோடு. "வரித்தலை. இப்பகூட நாப்பது அம்பது கிடக்குது. இந்த வெள்ளக்கார அம்மா நம்ம கரைவெட்டிக்கு எப்பங்க வந்துச்சு?"

முத்துவேல் அது லண்டன் ஓவியம், நானூற்றுத் தொண்ணூறு ஆண்டுப் பழமையானது, பறவை பற்றி வாட்ச்மேனுக்கு என்ன தெரியும் என்றார். கொளஞ்சி சினம் கொள்ளவில்லை. இருபத்திரண்டு வருடமாய் எண்ணிக் கணக்குக் கொடுப்பவன் நான், அது அந்தச் சீமைக்குப் போகாது சார் என்று பணிவாகச் சொன்னார்.

அப்போது புவனேஸ்வரி துணியை அவிழ்த்தாள். அதே பச்சைத் திரை, அதே முத்துமாலை, அதே கிழிந்த காது. பின்புறத்தைத் திருப்பினாள். அவள் பெயர், ஊர், மூன்றாண்டுக்கு முந்தைய பங்குனியில் ஒரு தேதி.

"பூனை வூட்டுல இருக்கு," என்றாள். "வேணும்னா கூட்டியாந்து காட்டுறேன்."

சரத்குமார் அட்டையையும் ஓவியத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு முத்துவேலைப் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: "சார், மொத தொகுதி?"

கூட்டத்தில் கல்லூரிக்காரர்கள் இருந்தார்கள். நிர்வாகத்தார் இருவரும் இருந்தார்கள். முத்துவேலின் கைகள் தேய்த்த நிலையிலேயே ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. புவனேஸ்வரி அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எட்டு ஆண்டுகள் கற்பனையில் கண்ட முகம் அது. கற்பனையில் இருந்ததைவிட முதுமையாய் இருந்தது. இரக்கம் வருமோ என்று ஒருகணம் பார்த்தாள். வரவில்லை.

"சாமி முன்னாடி சொல்லுங்க சார்," என்றாள்.

"அதுவும் இந்தம்மா எழுதுனதுதான்," என்றார் அவர், தரையைப் பார்த்து.

"இன்னுங் கொஞ்சம் சத்தமா. பருத்தி எடுக்கற வூட்டுல காது கொஞ்சம் மந்தம்."

அவர் மறுபடியும் சொன்னார்.

பந்தலில் விழா நடக்கவில்லை. நூற்கட்டுகள் அவிழாமலே வண்டியில் ஏறின. அடுத்த பதிப்பு யார் பெயரில் வரும் என்பது பற்றிச் சரத்குமார் தொலைபேசியில் பேசிக்கொண்டே வெளியே போனார். முத்துவேல் தனியாகக் காருக்கு நடந்தார். அங்கவஸ்திரம் ஒரு பக்கம் தரையில் இழுபட்டது. கொளஞ்சி, தான் ஏதும் தவறாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

சன்னதியில் அவள் மட்டும் நின்றாள். வென்றவளுக்கு நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும், நிறைந்தும் இருந்தது. ஆயினும் அவர் குனிந்த தலையை, அந்த இரண்டாம் முறை தழுதழுத்த குரலை, அவள் வீட்டுக்கு எடுத்துச்செல்ல விரும்பினாள். ஆண்டுக்கணக்கில் எடுத்துப்பார்த்துச் சுவைக்கலாம். கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் பச்சைச் சாயம்.

ஓவியத்தைச் சுவரோரம் சாய்த்துவைத்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் ஓசையெழாமல், மெல்ல, ஒன்றன்மேல் ஒன்றாகத் தேய்த்து, விரித்துக் காட்டினாள். அந்தச் சுவையை முழுதும் விட்டதாகச் சொல்ல முடியவில்லை. ஒட்டியிருப்பதைச் சண்டேசரே எடுத்துக்கொள்ளட்டும் என்று இன்னொருமுறை தேய்த்தாள்.

ஏரி நிறைக. வந்த பறவைகள் வழி தவறாது மீள்க. கிழிந்த காதோடு வாசலில் காத்திருப்பவள் வாழ்க. பருத்தி எடுத்த கையும் எழுதிய கையும் நீடு வாழ்க.