டிஸ்க்கில் ஏறிய கறுப்பு

நாற்பது வயதுக்கு மேல் தான் ஓட்டக் கற்றுக்கொண்ட காரையே சந்திரலேகா விற்க வேண்டி வந்தது. கணவர் தெட்சிணாமூர்த்தியின் தம்பி பெரிய கார் வாங்கியிருந்தார்; இவருக்கும் அதுபோல ஒன்று வேண்டுமாம். இதைவிட உருப்படியான காரணம் எதுவும் இல்லை.

வாங்க வந்தவர் ழோர்ழ். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற உள்ளூர்க்காரர். அந்த பென்ஷன் வருகிற தெம்பில் காரைக்காலில் எதைப் பார்த்தாலும் குறை சொல்வார். அலாய் வீலின் இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்த்தார்.

"உள்ள துருப்பிடிச்சிக் கெடக்கே. வெள்ளத்துல நின்ன வண்டியாம்மா?"

"இல்லீங்க. திருவேட்டக்குடியில கடலோரம் வீடு, உப்புக்காத்து. பிரேக் டிஸ்க்குக்கு நடுவுல இருக்குற ஹப்பு எல்லா வண்டியிலயும் இப்படித்தான் ஆவும். ஓடுறதுக்கு ஒரு கொறையும் இல்ல."

"பாக்க நல்லால்லியே. ஞாயித்துக்கெழம வர்றேன், ஓட்டிப் பாப்போம்."

சந்திரலேகாவுக்குச் சுருக்கென்றது. சனிக்கிழமை காலையிலேயே ஜாக்கி வைத்து முன்சக்கரங்களைக் கழற்றினாள். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தாள். பளபளப்பான வட்டத்தின் மேல் டேப் ஒட்டிவிட்டு, ஹப்புக்கு மட்டும் சூடு தாங்கும் வெள்ளி பெயிண்ட் பூசினாள். ஒரு பக்கம் முடிந்தபோது அது புதுப் பாத்திரம் போல இருந்தது. அதற்குள் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்துக்குக் கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது.

"ஏங்க, அந்தப் பக்கத்த நீங்க முடிச்சிடுங்க. வட்டத்துல மட்டும் படக்கூடாது. பிரேக் புடிக்கிறதே அங்கதான்."

"எனக்குத் தெரியாதா?" என்றார் தெட்சிணாமூர்த்தி.

அவருக்கு அஷ்டமச் சனி. விடியும் முன்பே திருநள்ளாறு போய் எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்திருந்தார். சனிக்கிழமையன்று வெள்ளி நிறம் பூசுவது அவருக்குச் சரியாகப் படவில்லை. பரணில் கறுப்பு ஸ்ப்ரே டப்பா ஒன்று இருந்தது. டேப் ஒட்டுவதெல்லாம் பொறுமைசாலிகளின் வேலை. டிஸ்க் முழுக்க ஒரே அடியாக அடித்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று மனைவி ஒட்டிய டேப்பையும் பிய்த்துவிட்டு அங்கேயும் அடித்தார். சனீஸ்வரனுக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்தவர், பிரேக்குக்கு என்ன பிடிக்கும் என்று யோசிக்கவில்லை.

சாயங்காலம் அவள் திரும்பியபோது சக்கரங்கள் மாட்டப்பட்டிருந்தன.

"ஏன் கறுப்பு?"

"ராசிக்கு."

"வட்டத்துல படலியே?"

"படல," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் ழோர்ழ் வந்தார். "மொதல்ல நீங்க ஓட்டுங்க. நான் சத்தம் கேக்குறேன்" என்று முன்னால் உட்கார்ந்தார். தெட்சிணாமூர்த்தி பின்சீட்டில். மெயின் ரோடு வரை பிரேக்குக்கு வேலை வரவில்லை. அங்கே ஒரு வாத்துக்கூட்டம் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. சந்திரலேகா பிரேக்கை மிதித்தாள். கார் காதில் வாங்கவே இல்லை.

"நிறுத்துங்கம்மா," என்றார் ழோர்ழ். பிறகு பிரெஞ்சில் ஏதோ சொன்னார். கடவுளைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

அவள் கியரைக் குறைத்தாள். ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தபடி ஸ்டீயரிங்கை ஓரத்து வைக்கோல் போர் பக்கம் திருப்பினாள். கார் அதில் மூக்கை நுழைத்து நின்றது. முன்சக்கரங்களில் இருந்து பெயிண்ட் கருகும் நாற்றத்தோடு புகை வந்தது. ஒரு வாத்துக்கும் சேதமில்லை.

"டிஸ்க்லயும் கொஞ்சம் பட்டுடுச்சி," என்றது பின்சீட்டுக் குரல்.

"கொஞ்சமா?"

"பூராவும். சனி பகவானுக்குன்னு..."

"அவரு வந்து வீலக் கழட்டிப் பாக்கவா போறாரு?"

ழோர்ழுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வைக்கோலைத் தட்டிக்கொண்டே இறங்கி, பம்பரைச் சுற்றிப் பார்த்தார். முதன்முறையாக அவருக்குச் சொல்லக் குறை எதுவும் கிடைக்கவில்லை.

"அந்தப் பெயிண்ட மட்டும் எடுத்துடுங்க. துருவோட இருந்தாலும் சரி, இந்த வண்டிய நானே எடுத்துக்கிறேம்மா."

சந்திரலேகா வைக்கோலில் மூக்கை நுழைத்து நின்ற காரைப் பார்த்தாள். ஓட்டக் கற்றபோது வீட்டுச் சுவரில் இரண்டு முறை இடித்தவள் அவள்தான். இப்போது பிரேக் இல்லாத காரை அவளே நிறுத்தியிருந்தாள்.

"மன்னிச்சிக்குங்க. விக்கிறதா இல்ல."

"அப்ப பெரிய காரு?" என்றார் தெட்சிணாமூர்த்தி.

"ஒங்க தம்பிய அவரு காருல ஒங்கள ஏத்திக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

மெக்கானிக் வந்து பிரேக் பேடுகளை மாற்றினார். டிஸ்க்கில் ஒட்டியிருந்த கறுப்பைத் தின்னரும் துணியுமாகத் தேய்த்து எடுக்கும் வேலை தெட்சிணாமூர்த்திக்கு வந்தது. வாசலில் குந்தியபடி ஒரு நாள் முழுக்கத் தேய்த்தார். சந்திரலேகா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விட்டுப்போன இடங்களை விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.