அசையாமல் நின்றவர்

கடைசிப் பொட்டு வெள்ளையை வைக்கும்போது அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகை. அதில் ஒரு தூண், தூணை ஒட்டி ஒரு வயதான மனிதர், அவருடைய இடது மணிக்கட்டில் வெயில் பட்டு மின்னிய ஒரு துளி இடம். நாலைந்து முடி மட்டுமே இருந்த தூரிகையால் அந்த இடத்தை லேசாகத் தொட்டு எடுத்தாள். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த படம் சட்டென்று கண் விழித்த மாதிரி இருந்தது. சமையலறையிலிருந்து கணவர், "இந்த டர்பன்டைன் நாத்தத்துல டீ கூட பெயின்ட் மாதிரிதான் இருக்கு" என்றார். அவள் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் பதில் சொல்லியிருக்க மாட்டாள். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் எந்தப் பேச்சுக்குப் பதில் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது இரண்டு பேருக்குமே அத்துப்படி.

அவளுக்குத் தொழில் பல் கட்டுவது. டாக்டர் அளவெடுத்து அனுப்புவார். ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்து மெழுகில் செதுக்கி, அச்சில் வார்த்து, தேய்த்து, மெருகேற்றி, ஒரு வாய்க்கு வேண்டிய பல் வரிசையை இவள் செய்து தருவாள். இந்த ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு என் பெண்டாட்டி கைவண்ணம் என்று கணவர் போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வார். பல்லுக்குப் பதினாறு விதமான வெள்ளை உண்டு. அதற்கென்று மாதிரிப் பற்கள் கோத்த அட்டை ஒன்றும் உண்டு. மற்றவர்கள் அட்டையை நோயாளியின் உதட்டருகே வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இவள் அறை வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவாள். தன் கண்ணைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. அது இல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

படம் வரைவது நாற்பது வயதுக்கு மேல் பிடித்த பைத்தியம். கம்ப்யூட்டரில் ஒரு வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். கண்ணை இடுக்கிப் பார், மூக்கு, காது, சட்டை என்று பெயர் சொல்லிப் பார்க்காதே, வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியட்டும் என்பார். அது அவளுக்குச் சுலபமாக வந்தது. போன மாதம் பெருநகரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்கு ஐந்து நாள் போயிருந்தாள். தங்கையும் அவள் கணவரும் காலை எட்டு மணிக்கெல்லாம் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடிவிடுவார்கள். இவள் நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவாள். குடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரயிலில் தூங்கிய பெண், ஒரே பேப்பரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படித்த இரண்டு காவலாளிகள், லிஃப்ட் கண்ணாடியில் தனக்குத் தானே பேசிப் பார்த்துக்கொண்ட விற்பனைக்காரர் என்று நோட்டு நிறைந்தது. ஒரே கஷ்டம், நகரத்தில் யாரும் நிற்பதில்லை. மூக்கை வரைந்து முடிப்பதற்குள் மூக்குக்காரர் அடுத்த தெருவில் இருப்பார். இரண்டாம் நாள் ஒருவர் நேரே வந்து, "என்ன, என் மூஞ்சியில ஏதாச்சும் எழுதி ஒட்டியிருக்கா?" என்று சத்தம் போட்டார். அதற்குப் பிறகு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கண்ணும் கண்ணும் சந்தித்தால் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். ஆள் கிட்டே வந்தால் நோட்டை மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்ட வேண்டும்.

நாலாம் நாள்தான் இவர் கிடைத்தார். ஒரு பழைய கட்டடத்தின் தூணோரம், சாவி வெட்டுகிறவரின் பெட்டிக்கடைக்குப் பக்கத்தில் நின்றார். எதிரே சிமெண்டு பெஞ்சில் இவள். முக்கால் மணி நேரம் மனிதர் அசையவே இல்லை. அத்தனை கூட்டமும் அவரைச் சுற்றிக்கொண்டு ஓடியது, அவர் மட்டும் அப்படியே நின்றார். இப்படி ஒரு ஆள் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்து அவள் உள்ளுக்குள் குதித்தாள். தலை முதல் கால் வரை நிதானமாக வரைந்தாள்.

ஊர் திரும்பிப் பதினோரு சின்னப் பலகைகளில் எண்ணெய் வண்ணம் தீட்டினாள். பத்து சுமார். பதினோராவதை அவளே நம்பவில்லை. டாக்டரிடம் காட்டியபோது அவர் கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"என்ன நிம்மதியா நிக்கிறார் பாருங்க. நம்ம இடத்துக்கு வர்றவங்க எல்லாம் பல்லைப் பிடுங்கப் போறாங்களேன்னு நடுங்கிட்டு உக்காந்திருக்காங்க. இவரை எதிர்ச் சுவத்துல மாட்டிடலாம்."

"இன்னும் காயல டாக்டர். வெள்ளை காய நாளாகும்."

"காயட்டும். ஆணி இன்னைக்கே அடிச்சு வச்சிடறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். இருபது வருஷமாக வார்டில் நர்ஸாக இருப்பவள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் தலையணை உறையைச் சரி செய்கிற வகை. அலமாரி மேல் காய்ந்துகொண்டிருந்த படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் கடைசிப் படத்தின் முன்னால் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"அண்ணி, இவரு எந்த ஆஸ்பத்திரி?"

"ஆஸ்பத்திரியா? தெருவுல நின்னவரு."

"கையில பட்டை இருக்கே. அட்மிஷன் போடுறப்ப நாங்க கட்டுவோமே, பேரு, வார்டு நம்பர் எல்லாம் எழுதி, அது. காலப் பாருங்க, ரப்பர் செருப்பு. சட்டையும் வீட்டுச் சட்டை இல்ல, கழுத்துல பட்டனே இல்ல. எல்லாத்தையும் நீங்களேதான வரஞ்சிருக்கீங்க?"

அவள் கண்ணை இடுக்காமல் படத்தைப் பார்த்தாள். வெள்ளைப் பொட்டு மெல்ல ஒரு பட்டையாயிற்று. நீலத் தீற்றல் செருப்பாயிற்று. ஒரு மாதமாகப் பக்கத்தில் வைத்துக் கொஞ்சிய படத்தில் முதல் தடவையாக ஒரு மனிதர் தெரிந்தார்.

"எவ்ளோ நேரம் நின்னாரு?"

"முக்கா மணி நேரம் இருக்கும்."

"எதுக்கு நின்னாரு?"

அந்தக் கேள்வி அன்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, தூணின் நிழல் எத்தனை அங்குலம் நகர்ந்திருக்கிறது என்றெல்லாம் கேட்டுக்கொண்டாள். இதைக் கேட்கவில்லை. நாத்தனார் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "எங்க வார்டுல ஒருத்தர் இப்படி யாருக்கும் தெரியாம இறங்கிப் போயிட்டாருன்னா அன்னைக்கு எங்க யாருக்கும் சோறு இறங்காது அண்ணி" என்று மட்டும் சொன்னாள். அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது.

எல்லோரும் தூங்கப்போன மத்தியானத்தில் நோட்டை எடுத்து, பல் வேலைக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியால் மணிக்கட்டைப் பார்த்தாள். ஓர் எழுத்தாவது இருக்காதா? ஒன்றும் இல்லை. பென்சில் படாமல் விட்ட காகிதம்தான் இருந்தது. அவருடைய பெயர் எழுதியிருந்த இடத்தை வெளிச்சம் என்று வெறுமனே விட்டிருக்கிறாள். இதை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். தெருவில் போகிற எந்தச் சாதாரணக் கண்ணுக்கும் அது ஆஸ்பத்திரிப் பட்டை என்று தெரிந்திருக்கும். பதினாறு வெள்ளை தெரிந்த கண்ணுக்கு அது பதினேழாவதாகத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் அவர் அவளைப் பார்த்தார். பார்த்து, வலது கையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கினார். ஓர் அடி எடுத்து வைத்தார். அவள் தலையைக் குனிந்தாள், நோட்டை மூடினாள், போய்விட்டாள். திட்ட வருகிறார் என்று நினைத்தாள். நல்லவேளை படம் முடிந்த பிறகு நகர்ந்தாரே என்றும் நினைத்தாள். அந்த இரண்டாவது நினைப்பு ஞாபகம் வந்ததும் நோட்டை மூடி அலமாரிக்குள் வைத்தாள்.

கணவரிடம் பட்டையைப் பற்றி மட்டும் சொன்னாள். "ஒரு மாசம் ஆச்சு. வீட்டு ஆளுங்க வந்து கூட்டிட்டுப் போயிருப்பாங்க. நீ ஏன் போட்டு ஒழப்பிக்கிற?" என்றார். சரியாகத்தான் சொன்னார். அவளும் அதை இரண்டு நாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் ஒரு முதியவருக்குக் கட்டிக் கொடுத்த பல்லில் நிறம் தப்பிவிட்டது. டாக்டர் அதைத் திருப்பி அனுப்பினார். அவள் வேலை திரும்பி வருவது பன்னிரண்டு வருஷத்தில் அதுதான் முதல் முறை. காத்திருப்போர் அறைச் சுவரில் வெறும் ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. "காஞ்சுதா?" என்று டாக்டர் கேட்கும்போதெல்லாம் "இன்னும் இல்ல" என்றாள். அது பொய்யில்லை. ஆனால் பொய் சொல்லும்போது வருகிற குரலில்தான் அது வெளியே வந்தது.

வெள்ளிக்கிழமை, தங்கை வரச் சொல்கிறாள் என்று வீட்டில் சொல்லிவிட்டு நகரத்துக்கு பஸ் ஏறினாள். பல் செட் அனுப்பும் பிளாஸ்டிக் டப்பாவில் படம் சரியாகப் பொருந்தியது. பக்கத்து இருக்கையில் ஒரு பெண் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். இவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சாவி வெட்டுகிறவர் மிஷினை நிறுத்தாமலே படத்தைப் பார்த்தார். பிறகு நிறுத்தினார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு டப்பாவை வாங்கி வெளிச்சத்துக்குக் காட்டினார்.

"இவரா? தெரியுமே. நம்ம தூணுதான் இது. அப்படியே இருக்கும்மா."

"இவரைத் தேடித்தான் வந்தேன். போன மாசம் ஒரு நாள் இவரு இங்க எதுக்கு நின்னாருன்னு தெரியுமாங்க?"

"காலைல கடையைத் தொறக்குறப்பவே நின்னாரு. பேச்சு சரியா வரல. ஏதோ வீடு வீடுன்னாரு. நானும் கடையை ஒரு எட்டு சாத்திட்டு, முக்குல நிக்கிற போலீஸ்காரர் கிட்ட கொண்டுபோய் விடலாம்னுதான் எந்திரிச்சேன்." அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, நீங்கதானே அது! எதிர்ல உக்காந்திருந்தீங்க. அவரையே கண்ணெடுக்காம பாத்துட்டு இருந்தீங்களா, சரி, கூட வந்தவங்க இருக்காங்க, மக போல இருக்குன்னு நிம்மதியா வேலையைப் பாக்க உக்காந்துட்டேன். இன்னும் ரெண்டு பேரு கூட அவருகிட்ட நின்னு ஏதோ கேட்டாங்க. நான்தான் உங்களைக் கைகாட்டி, ஆள் இருக்குன்னு அனுப்பி வச்சேன்."

தூணைச் சுற்றி ஓடிய கூட்டம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. இரண்டு பேர் நின்றதும் நினைவுக்கு வந்தது. முழங்காலை மறைக்கிறார்களே என்று எரிச்சலோடு பென்சிலைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் திரும்பி இவளைப் பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனார்கள். எதற்குத் தலையாட்டினார்கள் என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

"அப்புறம்?" என்றாள். கேட்காமல் போய்விட்டால் என்ன என்று கால்கள் கெஞ்சின.

"அப்புறம் என்ன, நீங்க எந்திரிச்சுப் போனீங்க. அவரும் உங்க பின்னாடியே வந்தாரே. கொஞ்சம் மெதுவா போகக் கூடாதா, பெரியவரு ஓட வேண்டியிருக்கேன்னு கூட நெனச்சேன்." அவர் சொல்லச் சொல்ல அவள் முகத்தைப் பார்த்தார். மலர்ந்திருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. "ஏம்மா, நீங்க அவரு கூட வரலையா?"

"இல்லைங்க."

"அப்ப எதுக்கு அவ்ளோ நேரம் பாத்தீங்க?"

அவள் டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டாள். சாவி வெட்டுகிறவர் மிஷினை மறுபடி போடவில்லை. அவருக்கும் ஒரு பங்கு வந்து சேர்ந்துவிட்டது என்பது அவருடைய கைகளைப் பார்த்தபோது தெரிந்தது. அந்தக் கைகளுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. "மன்னிச்சிடுங்க" என்றாள். யாரிடம் கேட்க வேண்டியதை யாரிடமோ கேட்டாள்.

அன்று நடந்த வழியிலேயே நடந்தாள். அன்று எவ்வளவு வேகம் நடந்தோம் என்று கால்களுக்கு ஞாபகம் இருந்தது. இன்று அவை அந்த வேகத்துக்கு வரவில்லை. மருந்துக் கடை, பூட்டிய தபால் ஆபீஸ், சாலையைக் கடக்கும் இடம். இங்கே அவள், நடப்பவர்களுக்குச் சிவப்பு விளக்கு விழுவதற்குள் குறுக்கே ஓடியிருந்தாள். ரப்பர் செருப்போடு ஒருவர் எப்படி ஓடுவார்? இந்தப் பக்கமே நின்றுவிட்டாரா, வண்டிகளுக்கு நடுவில் இறங்கினாரா? மருந்துக் கடையில் படத்தைக் காட்டினாள். உதட்டைப் பிதுக்கினார்கள். போக்குவரத்துக் காவலர், "எந்த ஆஸ்பத்திரி, என்ன பேரு? அது தெரியாம எங்கம்மா தேடறது?" என்றார். படம் நல்லா இருக்கு என்றும் சொன்னார்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது அதே பஸ் வந்தது. ஆட்கள் இடித்துக்கொண்டு ஏறினார்கள். அவள் கடைசியாக ஒரு காலைப் படியில் வைத்தாள். இன்னொரு கால் நடைபாதையிலேயே இருந்தது. அன்று ஏறியவுடன் ஜன்னலோரத்தில் இடம் பிடித்து, நோட்டைப் பிரித்து, படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்த்தாள். வெளியே பார்க்கவில்லை.

"ஏறுறதுன்னா ஏறுங்கம்மா. படியை மறிச்சுட்டு நிக்காதீங்க" என்றார் கண்டக்டர்.

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள் அவள். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. "எனக்குப் பின்னாடி ஒருத்தர் வர்றாரு. வயசானவரு. வேகமா நடக்க முடியாது."

கண்டக்டர் மணியடிக்கப் போன கையை அப்படியே நிறுத்தினார். கம்பியைப் பிடித்து வெளியே சாய்ந்து, அவள் தலைக்கு மேலாக நடைபாதையை எட்டிப் பார்த்தார். ஜன்னலோர முகங்களும் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் திரும்பின.