தூரத்துச் சத்தம்

கோலாலம்பூர், செந்தூல்வாசி பேசிலுக்கு இடது காது கேட்காது. ராணுவத்தில் ஸ்னைப்பராக இருந்து, துப்பாக்கியைக் கன்னத்தோடு அணைத்துச் சுட்டுச் சுட்டே போன காது அது. உதவி கேட்டு அலுவலகத்துக்குப் போனார். முன்னாள் வீரர்களைக் கவனிப்பதாகச் சொல்லி ஏர்கோனில் நாற்காலி தேய்க்கும் அதிகாரி சிவேந்திரன், பெரிய கெட்டிக்காரன் போலச் சிரித்தான்.

“ஒரு கிலோமீட்டர் தள்ளிப் படுத்துக்கிட்டுதானே அங்கிள் சுட்டீங்க? அவ்வளவு தூரத்துச் சத்தம் காதை என்ன பண்ணும் லா?”

“தம்பி, தள்ளி இருந்தது செத்தவன். துப்பாக்கி என் கன்னத்துலதான் இருந்துச்சு.”

“அப்ப நீங்க அதையும் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சிருக்கணும்.”

பேசில் அவனை உற்றுப் பார்த்தார். கிலோமீட்டருக்கு அப்பால் சட்டைப் பொத்தானைக் கண்டுபிடித்த கண், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூஞ்சியில் வெட்கத்தைச் சல்லடை போட்டுத் தேடியது.

மருந்துக்குக்கூட இல்லை.