பதினொரு விநாடிக் குரல்

கிருஷாந்தன் கடைசியாகப் பேசியது பதினொரு விநாடிதான். "தங்கச்சி, என்ஜின் நிண்டுட்டுது. அம்மாட்டச் சொல்லாத. விடிய வந்திருவன்." சாம்பல்தீவுக் கடலில் இருந்து வாட்சப்பில் அனுப்பிய குரல் அது. மண்ணெண்ணெய்க்கு நாடே வரிசையில் நின்ற வருஷம். படகு வரவில்லை. உடலும் கரைசேரவில்லை.

கடற்றொழிலுக்குப் போகாத நேரமெல்லாம் அவன் 'இரும்புவாய்' என்ற மெட்டல் குழுவில் பேஸ் கிற்றார் வாசித்தான். குழுவின் பாடகன் நஸ்ரி, கிண்ணியாக்காரன், பள்ளிக்கூடக் காலத்துக் கூட்டாளி. கிருஷாந்தனின் தாய் ஞானமலருக்கு அவன் இன்னொரு பிள்ளை மாதிரி. வாடா, போடா என்றுதான் அவனோடு பேசுவாள். தங்கைக்கு அவன் 'நானா', முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடும் முறை.

நினைவு நாள் பூசை முடிந்த அன்று நஸ்ரி வந்து, அந்தக் குரலைத் தங்கள் முதல் அல்பத்தில் போடலாமா என்று கேட்டான். தங்கை தர்ஷனா ஒரு கிழமை யோசித்துவிட்டு அனுப்பிவைத்தாள். அண்ணன் இருந்தான் என்பது நாலு பேருக்குத் தெரியட்டும் என்று நினைத்தாள். அடுத்த மாதமே அவளுடைய போன் மழைத் தண்ணீரில் செத்துப்போனது. உள்ளே இருந்த எதையும் எடுக்க ஏலாது என்று கடைக்காரன் கைவிரித்தான். குரல் நஸ்ரியிடம் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் அவள் பெரிதாகக் கலங்கவில்லை.

கடலின் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்லும் மீனவர் பேச்சில் இருந்து எடுத்த 'பதினெட்டுப் பாகம்' என்ற பெயரில் அல்பம் வெளிவந்தது. பெயர்ப்பாட்டு அந்தக் குரலோடுதான் தொடங்கும். அதன் பிறகு கிற்றார்கள் இடிந்து விழும். மெட்டல் என்றாலே காதைப் பொத்துகிறவர்கள்கூட அதைக் கேட்டு அழுதார்கள். கொழும்பு வானொலிகள் போட்டன, சென்னையில் மேடை கிடைத்தது, ஓட்டோக்களில் ஒலித்தது. தொலைக்காட்சிக்காரர் வீட்டுக்கு வந்தபோது, இது அண்ணாவின் குரல்தான் என்று தர்ஷனாவே கமராவுக்கு முன்னால் சொன்னாள்.

தாய்க்காக அந்தக் குரலை மட்டும் தனியே அனுப்பும்படி கேட்டபோது நஸ்ரி உடனே அனுப்பினான். கேட்டுவிட்டு, குரல் கொஞ்சம் தடித்திருக்கிறதே என்றாள் தர்ஷனா. காற்றுச் சத்தத்தை எடுத்தால் அப்படித்தான் இருக்கும் என்றான் அவன். ஞானமலர் தினமும் செபமாலைக்கு முன் அதை ஒரு தடவை போட்டுக் கேட்பாள். கேட்டு முடித்ததும் நெற்றியில் சிலுவை போடுவாள்.

போன மாசி மாதம், பாட்டு ஒரு கோடிப் பார்வையைத் தாண்டியதற்காக, அல்பம் உருவான விதத்தை இசைக் கம்பனி வீடியோவாக வெளியிட்டது. உட்துறைமுக வீதி மருந்துக்கடையில் வேலை செய்யும் தர்ஷனா மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பார்த்தாள். கண்ணாடி அறைக்குள் நஸ்ரி கண்ணை மூடிக்கொண்டு, "தங்கச்சி, என்ஜின் நிண்டுட்டுது" என்றான். இன்னும் கொஞ்சம் பயம் வரட்டும் என்று வெளியே யாரோ சொல்ல, அவன் மறுபடி சொன்னான். மூன்றாவது தடவை எல்லோரும் கைதட்டினார்கள்.

அவள் சாப்பாட்டுப் பார்சலை அப்படியே சுற்றிக் குப்பையில் போட்டாள்.

சொந்த ஊரில் முதல் தடவையாகப் பாடுவதற்கு நஸ்ரி அந்தக் கிழமையே வந்திருந்தான். உப்புவெளி ஹோட்டலில் போய் அவனைப் பிடித்தாள். முதலில் மழுப்பினான். பிறகு, ஒலிப்பதிவுக்கு முன்பே மடிக்கணினி பழுதாகி அவள் அனுப்பிய குரல் உட்பட எல்லாம் அழிந்துவிட்டதாகவும், அதற்குள் அவளுடைய போனும் போய்விட்டது தெரிந்ததும் சொல்லப் பயந்ததாகவும் ஒத்துக்கொண்டான்.

"அழிஞ்சதுக்கு நான் கோவிக்கேல்ல, நானா," என்றாள் தர்ஷனா. "குரல் வேற மாதிரி இருக்கு எண்டு நான் கேட்டனான். என்ட முகத்தைப் பாத்து நீங்கள் பொய் சொன்னீங்கள்."

அவன் தலை குனிந்தான். சனிக்கிழமை மேடையில் எல்லாருக்கும் முன்னால் தானே உண்மையைச் சொல்வதாக வாக்குக் கொடுத்தான். தர்ஷனா மீண்டும் ஒரு தடவை அவனை நம்பினாள்.

அதற்கு முன் தாயிடம் சொல்லியாக வேண்டும். ஞானமலர் போனை மடியில் கவிழ்த்துவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப நான் இவ்வளவு நாளும் ஆருக்கு அழுதனான்?" என்றாள்.

சனிக்கிழமை மாலை இருவரையும் முன்வரிசைக் கதிரைகளில் இருத்தினார்கள். பின்னால் கறுப்புச் சட்டைப் பெடியள் ஆயிரக்கணக்கில் நின்றார்கள். நாலு பாட்டுக்குப் பிறகு நஸ்ரி கிற்றாரைக் கீழே வைத்துவிட்டு மைக் அருகே வந்தான். தர்ஷனா தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் கூட்டாளியின் தாய் வந்திருக்கிறா என்று அவன் சொன்னதும் வெளிச்சம் முழுவதும் ஞானமலரின் மேல் விழுந்தது. சனம் ஆரவாரித்தது. நஸ்ரி ஒரு கணம் அவர்களைப் பார்த்தான், பிறகு சனத்தைப் பார்த்தான்.

"அம்மா," என்றான், "உங்கட மகன் இப்ப உங்களோட கதைப்பான்."

குரல் வந்தது. மைதானம் முழுக்க அதைக் கூடவே சொன்னது. கிற்றார்கள் தொடங்கிய பின்னும் வெளிச்சம் நகரவில்லை. ஞானமலர் எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, வாசல் பக்கம் நடந்தாள். வழியில் ஒரு பெண் அழுதபடி அவளைக் கட்டிப்பிடித்தாள். "அது என்ட பிள்ளை இல்ல," என்றாள் ஞானமலர். துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்து அந்தப் பெண் அவளை இன்னும் இறுக்கி அணைத்தாள்.

அடுத்த நாள் தர்ஷனா நடந்ததை முகநூலில் எழுதினாள். பொறாமை என்றும், பேர் எடுக்கப் பார்க்கிறாள் என்றும் நூற்றுக்கணக்கில் பதில் வந்தது. தொலைக்காட்சியில் அவளே உறுதிப்படுத்திய துண்டை எடுத்து அவளுக்கே அனுப்பினார்கள். கம்பனி அந்த வீடியோவை இணையத்தில் இருந்து நீக்கிவிட்டது. நஸ்ரி வாய் திறக்கவில்லை. தாயின் போனில் இருந்து அந்தக் குரலை அழித்த பிறகு, அண்ணனின் சொந்தக் குரலை நினைவில் பிடிக்க அவள் பல தடவை முயன்றாள். ஒவ்வொரு தடவையும் காதுக்குள் தங்கச்சி என்று கூப்பிட்டது நஸ்ரிதான்.

கொழும்புக்குத் திரும்புவதற்கு முன் நஸ்ரி வீட்டுப் படலையடிக்கு வந்தான். அவ்வளவு சனத்துக்கு முன்னால் வாய் வரவில்லை என்றான், கம்பனி விடாது என்றான், பிறகு அழுதான். ஞானமலர் படலையைத் திறக்கவில்லை.

"நீங்கள் போங்கோ," என்றாள். "வெயில் ஏறுது."

அவளுடைய வாயில் இருந்து 'நீங்கள்' என்று அவன் கேட்டது அதுதான் முதல் தடவை.