குடா திறந்த நாள்

படகுகள் வரும்வரை அவள் அளவுப் பலகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பலகையில் இரண்டு ஆணிகள். அவற்றின் இடைவெளியைவிட நீளம் குறைந்த மீனை மீனவர் சங்கம் எடுக்காது. உயிரோடு தொட்டியில் போட்டுக் கடலுக்கே திருப்பிவிட வேண்டும். ஆணிகளை அடித்தது அவள் கணவன். ஒன்று சற்றுச் சாய்ந்திருந்தது. அதைத் தொட அவள் யாரையும் விட்டதில்லை.

மீன் பெருகட்டும் என்று சங்கம் மூன்று வருடமாக யாரும் வலை போடாமல் மூடி வைத்திருந்த குடாவை அன்றுதான் திறந்திருந்தார்கள். மூடச் சொன்னவனும் அவள் கணவன்தான். எல்லையில் மிதவை கட்டி, முறைவைத்துக் காவல் இருந்தார்கள். அவன் முறையன்று இரவு விளக்கில்லாத இழுவைப் படகொன்று மிதவைகளைத் தாண்டி உள்ளே வந்தது. மறுநாள் அவன் படகின் பலகைகள் மட்டும் கரை சேர்ந்தன.

ஓயாத பேச்சால் ரேடியோ என்று பெயர் வாங்கியவன்தான் முதலில் கூடையை இறக்கினான்.

"பாருங்கண்ணி, ஒவ்வொரு மீனும் கை நீளம்! அண்ணன் இருந்திருந்தா, 'சொன்னேன்லடா'ன்னு முதுகுல ஒண்ணு வச்சிருப்பாரு."

"ரெண்டு வச்சிருப்பாரு. மூடக் கூடாதுன்னு தொண்ட கிழியக் கத்தினது நீதானே?"

சிரித்தபடியே அவன் ஒரு சின்ன மீனைப் பலகையில் வைத்து வாலை நீவினான். "கொஞ்சம் கண்ண மூடிக்கங்கண்ணி."

"வால இழுத்தா மீன் வளந்துடுமா? தொட்டியில போடு."

சங்கத் தலைவர் வந்தார். அவள் கணவனுக்குத் தாய்மாமன்.

"மாமா, அவரு பங்க என் பேருக்கு மாத்தறது..."

"கூட்டத்துல பேசியாச்சும்மா. கடல்ல இறங்கறவங்களுக்குத்தான் பங்கு. அந்த விதிக்கு அவனும்தானே கை தூக்குனான்?"

"அப்ப நானும் படகுல வரேன்."

"உன்ன எவன் ஏத்துவான்? பலகை வேல இருக்கு, கூலி தர்றோம். கைவிட்டுட்டமா என்ன?"

அவள் ரேடியோவைப் பார்த்தாள். அவன் குனிந்து, காலியான கூடையை உதறிக்கொண்டிருந்தான்.

தொட்டி நிறைந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டியைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு போனாள். கரையோரம் விட்டால் அலை திருப்பித் தூக்கி எறிந்துவிடும், உள்ளே போய்த்தான் விடவேண்டும் என்று கணவன் சொல்லியிருந்தான். நெஞ்சளவு ஆழத்தில் தொட்டியைச் சாய்த்தாள். சின்ன மீன்கள் அவள் விரல்களுக்கிடையே நழுவி மிதவைகளின் பக்கம் போயின. அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கரையில் தலைவர் பங்குக்குப் பெயர் கூப்பிடத் தொடங்கினார். ரேடியோவின் பெயர் கேட்டது. அதற்கு அடுத்து எப்போதும் வந்த கணவனின் பெயருக்காக, பழக்கத்தில், அவள் தண்ணீருக்குள் அசையாமல் நின்றாள்.

வேறொரு பெயர் கேட்டது.