ஹெட்ஃபோனில் கேட்காதது

இசைக்கருவிக் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போதே சர்வேயர் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார். மாப்பிள்ளையை அழைத்து வந்திருக்கக் கூடாது.

வேறு வழியும் இல்லை. ஆயுசு முழுக்க நிலம் அளந்தவருக்கு ஆம்ப்ளிஃபயரைப் பற்றி என்ன தெரியும்? நண்பருடைய பையன் எலெக்ட்ரிக் கிட்டார் பழகுகிறான், வீட்டில் வைத்து வாசிக்க விலை கம்மியாக ஒரு ஆம்ப் வேண்டுமாம் என்று ஃபோனில் ஒரு புளுகை அவிழ்த்துவிட்டிருந்தார். மாப்பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டான்.

நண்பரும் கிடையாது, பையனும் கிடையாது. பழகுவது சர்வேயர்தான். அதுவும் மாப்பிள்ளையின் கிட்டாரில்.

பெண் கேட்டு வந்த நாளில் அவன் ஹோட்டல் இசைக்குழு ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தான். கம்பியைச் சொறிந்தால் குடும்பம் நடக்குமா என்று முகத்துக்கு நேரே கேட்டவர் இவர். ஆளைப் பிடித்து இன்ஷூரன்ஸ் ஆபீசில் அவனை உட்கார வைத்தவரும் இவர். கல்யாணத்துக்கு முன்பே, "இது எங்க வீட்லயே இருக்கட்டும் மாப்பிள்ளை. கண்ல பட்டா கை சும்மா இருக்காது" என்று கிட்டாரை வாங்கிப் பரண்மேல் போட்டவரும் சாட்சாத் இவரேதான். அன்று அவனே அதை உறையில் போட்டு மூடிக் கொடுத்தான்.

ரிட்டயரான பிறகு பரணை ஒழிக்கப் போனவர் அதைக் கீழே இறக்கினார். தூசி தட்டினார். சும்மா ஒரு கம்பியை இழுத்துப் பார்த்தார். அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துக்கொண்டது. அறையைச் சாத்திக்கொண்டு வாசித்தார். ஆம்ப் இல்லாத கிட்டாரோ கொசு மாதிரி முனகியது. இப்போது ஆம்ப் வேண்டும். ஆனால் விஷயம் இவனுக்குத் தெரிந்தால் இந்த ஜென்மத்தில் அவன் முகத்தில் முழிக்க முடியாது.

கடைக்குள் மாப்பிள்ளை வேறு ஆளாகிவிட்டான். கடைக்காரர் நாற்பது வாட்ஸ் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்ததும், வீட்டுக்கு இது எதற்கு, சுவர் இடிந்து விழவா என்று சிரித்தான். பத்து வாட்ஸே அதிகம் என்று ஒரு சின்னப் பெட்டியை எடுக்கச் சொன்னான். வாட்ஸைப் பார்க்காதீர்கள் மாமா, ஒலியைக் குறைத்து வைத்தாலும் சுத்தமாகக் கேட்கிறதா என்று பாருங்கள் என்று பாடம் எடுத்தான். பிறகு கடைக் கிட்டாரை வாங்கி மடியில் வைத்து வாசித்தான். விரல் இரண்டு இடத்தில் தடுக்கியது.

"துருப் புடிச்சுடுச்சு மாமா" என்றான், லேசாக.

சர்வேயர் விலைச் சீட்டைப் படிப்பது போலக் குனிந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து அவன் ஃபோன் அடித்தது. மேனேஜர். ஞாயிற்றுக்கிழமையிலும் ஏதோ க்ளெய்ம் தலைபோகிற அவசரமாம். மாப்பிள்ளை வாசலுக்கு ஓடினான்.

இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் கிடைக்காது. கடைக்காரரிடம் ஹெட்ஃபோன் கேட்டு வாங்கி, சின்னப் பெட்டியில் செருகி, காதை மூடிக்கொண்டார் சர்வேயர். ஒரு காதில்தான் கேட்டது. கொடுக்கிற விலைக்கு ஒரு காதுதான் போலிருக்கிறது என்று வால்யூமைத் திருகினார். கடைக் கிட்டாரை மடியில் வைத்து, கண்ணை மூடி வாசித்தார். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு மெட்டு. மகள் வரும்போதெல்லாம் அடுக்களையில் ஃபோனில் ஓடவிடுவாளே, அது.

முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார். கடைக்காரர் இளித்துக்கொண்டிருந்தார். வயலின் பார்க்க வந்த இரண்டு பெண்கள் திரும்பி நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், கையில் ஃபோனோடு, மாப்பிள்ளை.

அவன் வந்து குனிந்து ஹெட்ஃபோன் பின்னை அழுத்தினான். கடக் என்று உள்ளே போனது.

"முழுசா தள்ளணும் மாமா. இல்லேன்னா ஸ்பீக்கர்லயும் கேக்கும்."

சர்வேயரின் காது மடல் கொதித்தது. நண்பர் பையனைப் பற்றி ஏதோ உளறினார், ஏதோ யூட்யூபில் பார்த்ததாக. மாப்பிள்ளை பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"அது எங்கயும் வராது மாமா. நான் போட்ட மெட்டு. உங்க பொண்ணு ஃபோன்ல மட்டும்தான் இருக்கு." ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "பரண்ல கிடந்த கிட்டார், கழுத்து வளையாம இருக்கா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அளவுகோலைப் போட்டு இவனை அளந்து, தேறமாட்டான் என்று சொன்ன நாக்கு.

"வந்து... எடுத்துட்டுப் போயிடுங்க மாப்பிள்ளை. தப்பு பண்ணிட்டேன்."

"எடுத்துட்டுப் போய்?" அவன் குரலில் கோபமே இல்லை. "ஆபீஸ்லேர்ந்து வந்து ஷூவைக் கழட்டறதுக்குள்ள தூக்கம் வந்துடுது மாமா. உங்ககிட்டயே இருக்கட்டும். வாசிக்கிற கையில இருக்கட்டும்."

நாலு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பார். கடைக் கிட்டாரை அவனிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை. சின்னப் பெட்டியிலேயே புதுசு ஒன்றைக் கட்டி எடுத்துவரக் கடைக்காரரை அனுப்பிவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான். ஹெட்ஃபோன் பின்னைப் பிடுங்கினான்.

"மூணாவது வரி நீங்க வாசிச்ச மாதிரி இல்ல. வாசிங்க, சொல்றேன்."

"இங்கயா? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும் மாமா."

சர்வேயர் தலை நிமிராமல் வாசித்தார். விரல் தடுக்கி, தப்பு ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்டது. மாப்பிள்ளை தன் முழங்காலில் தாளம் தட்டிக்கொண்டே, "இன்னொரு தடவை" என்றான். அவர் மறுபடி வாசித்தார். முழங்காலில் தட்டிய அந்த விரல்களைத் தவிர வேறெதையும் பார்க்கும் துணிச்சல் அவருக்கு வரவில்லை.